எட்டு நல்ல செல்கள்

ரிப்பேர் கடையில் முஜிபுர் ரஹ்மான் டிரில் பேட்டரியின் மூடியைக் கழற்றி, உள்ளே இருந்ததை மேசைமேல் வைத்தார். சின்ன உருளைகளாகப் பத்து செல்கள், தகட்டுப் பட்டைகளால் ஒன்றோடொன்று பிணைந்து கிடந்தன. மீட்டரை வைத்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஓரத்து இரண்டை விரலால் தட்டினார்.

“இது ரெண்டும் போயிடுச்சு ராவ். ஆனா மாத்துனா பத்தையும் மாத்தணும். பழசும் புதுசும் சேர்ந்து ஓடாது. லோடு ஏறுனா பழசு படுத்துடும்.”

“மத்த எட்டும் நல்லாத்தானே பாய் இருக்கு?”

“இப்ப நல்லாத்தான் காட்டுது. அதுக்கும் அதே வயசுதானே.”

பீமராவுக்குச் சுருக்கென்றது. ஜன்னல்களுக்குத் திரைச்சீலைக் கம்பி மாட்டியே ஆயுளில் பாதியைக் கழித்தவர். அவருடைய டிரில்லுக்குப் புது பேட்டரி இப்போது வருவதில்லை. போன கடையிலெல்லாம் டிரில்லையே மாற்றச் சொல்லிவிட்டார்கள். கான்ட்ராக்டர் அருள்ராஜ் வேறு, “இனிமே கரண்ட் இன்னும் வராத புது ஃபிளாட்தான் நிறைய. பேட்டரி டிரில் ஓடலைன்னா சொல்லிடுங்கண்ணே, வேற ஆள் பார்த்துக்கறேன்” என்று தணிவாகச் சொல்லியிருந்தார். அவர் கொடுத்திருந்த ஸ்ரீரங்கத்து அடுக்கக வேலையும் கைவிட்டுப் போனால், அறுபதை நெருங்குகிறவரை அப்புறம் யார் கூப்பிடப் போகிறார்கள்? எதை எடுத்தாலும் மொத்தமாகத் தூக்கிப் போடு என்கிறார்களே என்று ஊர்மேலேயே எரிச்சல் வந்தது.

“நல்லா இருக்கறத நான் தூக்கிப் போட மாட்டேன் பாய். ரெண்டை மட்டும் மாத்துங்க. வேணும்னா பத்துக்கும் காசு வாங்கிக்குங்க.”

“காசுக்கா சொன்னேன்?” என்றார் முஜிபுர். பீமராவின் முகத்தைப் பார்த்துவிட்டு வெல்டிங் முனையைக் கையில் எடுத்தார்.

வீட்டில் சார்ஜர் பச்சை காட்டியது. விசையை அழுத்தினால் டிரில் வெறுங்காற்றில் பிய்த்துக்கொண்டு சுற்றியது. பாய் வீணாகப் பயமுறுத்திவிட்டார் என்று நினைத்தபோது, பல நாளைக்குப் பிறகு அவருக்குச் சாப்பாடு ருசித்தது.

மறுநாள் ஸ்ரீரங்கத்து அடுக்ககத்தில் ஹால் ஜன்னல் செங்கல் சுவர், டிரில் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. படுக்கையறையில் ஜன்னலுக்கு மேலே கான்கிரீட். துளை பாதிகூட இறங்கவில்லை, டிரில் நின்றது. விட்டுவிட்டு அழுத்தினார். ஒரு சுற்று சுற்றி மறுபடி நின்றது. கீழே வீட்டுக்காரம்மாவும் அருள்ராஜும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேட்டரியைக் கழற்றி மாட்டினார். கையில் சூடு தெரிந்தது. ஏணியின்மேல் நின்றபடியே அவருக்குச் செத்துப்போகலாம் போலிருந்தது.

“இறங்குங்கண்ணே,” என்றார் அருள்ராஜ். “பூவரசா, உன்னோடத எடுத்துட்டு வா.”

அடுத்த அறையில் அலமாரி மாட்டிக்கொண்டிருந்த பூவரசன் தன் டிரில்லோடு வந்து ஏணியில் ஏறினான். துளைகள் நிமிஷத்தில் விழுந்தன.

“அண்ணே, அந்தக் கம்பிய மட்டும் நேராப் பிடிச்சுக்கறீங்களா?”

பீமராவ் ஸ்டூலில் ஏறி, கம்பியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார்.

“நாளைக்கு வெள்ளன வந்துடு பூவரசா. மேல் மாடியும் நீயே பார்த்துடு,” என்றது கீழேயிருந்து அருள்ராஜின் குரல். பீமராவ் காத்திருந்தார். அவர் பெயர் வரவில்லை.

மறு ஓரத்துக்கு இன்னொரு துளை போட வேண்டியிருந்தது. பூவரசனின் டிரில் உறுமியது. கான்கிரீட் தூள் பீமராவின் தலையிலும் இமையிலும் கொட்டியது. கண் எரிந்து நீர் வழிந்தது. கம்பி கோணாமல் அவர் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.