வெறும் வயிற்றில் ஐந்து நிமிடம்

2024 ஏப்ரல் 21, ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு, ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் சாலையை ஒட்டிய பன்னிரண்டு வீட்டுக் குடியிருப்பின் சங்கக் கூட்டம் நடந்தது. நான்காம் மாடியில் ஒரு வீட்டின் கூரை கசிந்ததால், மொட்டை மாடித் தொட்டிகளைக் குறைப்பதென்று முடிவாயிற்று. சமையலுக்கோ பூஜைக்கோ மருந்துக்கோ உதவும் செடிகள் இருக்கலாம். மற்றவை மாத இறுதிக்குள் இறங்க வேண்டும். ஒவ்வொரு தொட்டியிலும் செடியின் பெயரும் பயனும் எழுதிய அட்டை கட்டாயம்.

அங்கே குடியிருந்த வள்ளிக்கண்ணுவுக்குத் திருவானைக்காவலில் ஜெராக்ஸ் கடை. மாடியில் பத்தொன்பது தொட்டி. கறிவேப்பிலை, துளசி, தூதுவளை, கற்பூரவள்ளி, நந்தியாவட்டை எனப் பதினெட்டுக்குப் பயன் எழுதுவதில் சிரமமில்லை. பத்தொன்பதாவதுதான் வில்லங்கம். அது அடீனியம். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் விதை போட்டு அவளே எழுப்பியது. குடம்போல் பருத்த அடிமரம், உச்சியில் நாலு இலை, வெயில் ஏற ஏறக் கொத்தாக இளஞ்சிவப்புப் பூ. திருச்சி வெயிலில் மற்றச் செடிகள் துவண்டு தலை தொங்கும்போது அது மட்டும் திமிராக நிற்கும். அவள் வீட்டுப் பால்கனியோ வடக்குப் பார்த்தது. அங்கே இறக்கினால், அடுத்த மழைக்காலம்கூடத் தாங்காது.

சங்கச் செயலாளர் அமிர்தசாமியிடம் கெஞ்சிப் பார்த்தாள்.

“பூ பூக்குதே சார், பூஜைக்கு ஆகாதா?”

“எந்தச் சாமிக்கும்மா இதை வச்சுப் பாத்திருக்கீங்க? பேரே இங்கிலீஷ்ல இருக்கு!”

எதிர்வீட்டு லிசி, நர்ஸாக வேலை பார்ப்பவள், படியிறங்கும்போது காதைக் கடித்தாள். “மருந்துன்னு போட்டுடுங்கக்கா. யாரு வந்து சோதிக்கப் போறா?”

அடீனியத்தின் பால் நஞ்சு. ஆகவே இலையை அரைக்கவோ வேரைக் காய்ச்சவோ சொல்ல வள்ளிக்கண்ணுவின் மனம் இடம் தரவில்லை. ஒருவருக்கும் கெடுதல் வராத மருந்தாக யோசித்தாள். கடையில் அட்டை அடித்து, லேமினேஷனும் செய்து, தொட்டியில் செருகினாள்:

‘பாலைவன சஞ்சீவி. இரத்தக் கொதிப்புக்கு. காலையில் வெறும் வயிற்றில் ஐந்து நிமிடம் உற்றுப் பார்க்கவும். தொடக் கூடாது.’

சோதனைக்கு வந்த அமிர்தசாமி அதை மூன்று முறை படித்தார். பிறகு செடியை அடையாளம் காட்டும் செயலியைத் திறந்து செல்போனை நீட்டினார். அது யோசித்து, ‘போன்சாய் ஆலமரம்’ என்றது.

“போனுக்கு என்ன தெரியும்?” என்றார் அவர். “இங்க பாருங்க, லேமினேஷனே பண்ணியிருக்கு. நமக்கும் பத்து வருஷமா பி.பி. இருக்கும்மா.”

மறுநாள் ஐந்தே முக்காலுக்கு பிளாஸ்டிக் ஸ்டூலோடு மாடிக்கு வந்தவர், பிறகு ஒரு நாளும் தவறவில்லை. ஒரு வாரத்தில் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் அறிவித்தார்: ‘நூற்றைம்பது, நூற்று முப்பத்திரண்டாக இறங்கியது. செடிக்கு நன்றி.’ வடாம் காயவைக்க வந்தவர்கள் தட்டை இறக்கிவிட்டு வரிசையில் நின்றார்கள். “சித்த தள்ளி நில்லுங்க, மறைக்குது” என்று சண்டைகூட வந்தது. மண்ணச்சநல்லூரிலிருந்து ஒருவரின் மைத்துனி பஸ் ஏறி வந்து பார்த்துவிட்டுப் போனாள்.

நலம் தருவதை வெறுங்கையோடு போய்ப் பார்க்கும் வழக்கம் ஸ்ரீரங்கத்தில் ஏது? ஆளுக்கொரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்தார்கள். பத்து நாளுக்கொரு முறை குடித்து வளர்ந்த செடிக்கு நாளொன்றுக்கு ஏழு சொம்பு! மே மாத நடுவில் வள்ளிக்கண்ணு அடிமரத்தை அழுத்தியபோது, பழுத்த பப்பாளிபோல் பெருவிரல் உள்ளே போயிற்று.

அன்றைக்கே இன்னொரு அட்டை அடித்தாள்: ‘தண்ணீர் பட்டால் பலன் போய்விடும்.’ சொம்புகள் நின்றன. தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டாள்.

மே 19 ஞாயிறன்று லிசி கதவைத் தட்டினாள். முகத்தில் சிரிப்பில்லை.

“அக்கா, சார் மாத்திரையை நிறுத்திட்டாரு. இப்பத்தான் பாத்தேன், நூத்தி எழுபத்தெட்டு. திட்டினா, ‘அஞ்சு நிமிஷத்தைப் பத்தாக்கிடுறேன்’ங்கிறாரு.”

இதற்கு மூன்றாவது அட்டை உதவாது. உண்மையைச் சொன்னால் தொட்டி இறங்கியே ஆக வேண்டும். வள்ளிக்கண்ணு இரவெல்லாம் புரண்டுவிட்டு, விடிந்ததும் மாடியேறினாள்.

“சார், எந்திரிங்க. இது சஞ்சீவியுமில்ல, மருந்துமில்ல. வெறும் அடீனியம். அட்டையில இருக்கிறது அத்தனையும் நான் விட்ட கதை.”

அமிர்தசாமி செடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “இன்னும் மூணு நிமிஷம் பாக்கி இருக்கும்மா.”

“சார்!”

அவர் மெல்லத் திரும்பினார். “அப்ப எனக்குக் குறைஞ்சது?”

“அப்ப மாத்திரை போட்டுக்கிட்டிருந்தீங்க. இப்பப் போடுறதில்ல. செடியை நானே இறக்கிடுறேன், நீங்க மாத்திரையைப் போடுங்க.”

“இறக்குறதா?” அவர் பதறினார். “ஏன் இறக்குறீங்கன்னு கேப்பாங்களே! ஜீயபுரத்துச் சம்பந்தி விதை கேட்டிருக்காரும்மா. என் மானம் என்னாகிறது?”

“அதுக்காக மறைக்க முடியாது சார். குரூப்ல இன்னிக்கே சொல்லணும். இன்னொருத்தரும் மாத்திரையை நிறுத்திடக் கூடாது.”

“நீங்கதானே எழுதினீங்க, நீங்களே சொல்லுங்க.”

“நீங்கதானே சார் நன்றியெல்லாம் சொன்னீங்க?”

இருவரும் சேர்ந்தே சொல்வதென்று ஒப்புக்கொண்டார்கள். அமிர்தசாமி வேறெங்கும் பார்க்கக் கூசி அண்ணாந்தார். படிக்கட்டு அறையின் கூரை கண்ணில் பட்டது. முழு வெயில், கீழே எவர் வீடும் கிடையாது. “சொம்போட யாரும் ஏற முடியாது” என்றார் மெதுவாக.

குழுவில் உண்மையைப் போட்டுவிட்டு, அன்று மாலையே செடியைப் பிடுங்கி, அழுகிய வேரை வெட்டி, காயம் ஆறுவதற்காக நிழலில் வைத்தார்கள். மணலும் செங்கல் ஜல்லியும் சலித்துக் கொடுத்தவர் அமிர்தசாமி.

மே 26 கூட்டத்தில் முடிவானவை இவை. படிக்கட்டு அறையின் கூரையில், பயன் எதுவும் இல்லாத செடிகளையும் வைத்துக்கொள்ளலாம். பத்து நாள் காய்ந்தபின் அடீனியத்தை அங்கே நட வேண்டும். அட்டையில் உண்மைப் பெயரும், பால் நஞ்சு என்ற எச்சரிக்கையும் மட்டும் இருக்க வேண்டும். பொய் எழுதிய குற்றத்துக்காக வள்ளிக்கண்ணு பன்னிரண்டு வீட்டாரின் தொட்டிகளுக்கும் சரியான அட்டை செய்து தர வேண்டும். செயலாளர் மாத்திரையை மறுபடி தொடங்கிவிட்டார் என்பதை லிசி உறுதி செய்தாள்; அதுவும் பதிவாயிற்று.