புருவம் சொன்ன பதில்

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் ஒரு செவிலியர் கல்லூரியின் பலகையில் பட்டியல் ஒட்டியாயிற்று. குழந்தைகள் வார்டுப் பயிற்சிக்கு நாலு பேர். தாபேயா இரண்டு முறை படித்தாள். அவள் பெயர் இல்லை. பசிபிக் கடலின் கிரிபட்டித் தீவிலிருந்து கடல் தாண்டி வந்ததே அந்த வார்டுக்காகத்தான்.

அறைக்கு வந்து படுக்கையில் தொப்பென்று விழுந்தாள். கூடத் தங்கியிருந்த ரோசியாவும் அதே தீவுக்காரி. படிப்பில் ஒரு வருஷம் மூத்தவள், வாயில் நாலு வருஷம் மூத்தவள்.

"என்னடி, படகு கவுந்துபோச்சா?"

"டெல்மா டீச்சர் என் பேரை விட்டுட்டாங்கக்கா. வார்டு வேணுமான்னு மூணு தடவை கேட்டாங்க. மூணு தடவையும் வேணும்னுதானே சொன்னேன்!"

"வாயைத் தொறந்தா சொன்னே?"

தாபேயா விழித்தாள். ஊரில் 'ஆமாம்' என்பதற்கு யார் வாயைத் திறக்கிறார்கள்? புருவத்தை ஒரு தூக்குத் தூக்கினால் ஆயிற்று.

"புருவத்தைத் தூக்கினேன். மூணாவது தடவை உச்சி மண்டைவரைக்கும்."

ரோசியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அடிப் பாவி! இங்க அதுக்கு 'ஐயோ, நானா?'ன்னு அர்த்தம். எழுந்திரு, போய்ச் சொல்லு."

"டீச்சர்கிட்டப் போய் 'உங்களுக்குப் புரியலை'ன்னா? மரியாதையாவா இருக்கும்?"

"அப்ப மரியாதையைக் கட்டிக்கிட்டு அழு. வார்டு எவளுக்கோ போகட்டும்."

அது சுருக்கென்று தைத்தது. செருப்பை மாட்டிக்கொண்டு டீச்சரின் அறைக்கு ஓடினாள்.

டெல்மா சாண்ட்விச்சும் கையுமாக நிமிர்ந்தார்.

"டீச்சர், அன்னிக்கு நான் வேணும்னுதான் சொன்னேன். எங்க ஊர்ல புருவத்தைத் தூக்கினா ஆமாம்னு அர்த்தம்."

டெல்மாவுக்குப் புரை ஏறியது. "அட கடவுளே! நீ பயந்துட்டேன்னு நெனச்சேம்மா. பாவம், வற்புறுத்த வேண்டாம்னு விட்டேன்." பட்டியலைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "இந்த நாலு பேர்ல யாரையும் இனிமே நீக்க முடியாது."

தாபேயா நகரவில்லை.

"அதே வார்டுல காலை ஆறு மணி ஷிஃப்ட் ஒண்ணு காலியா இருக்கு," என்றார் டெல்மா. " இந்த மகராசிங்க ஒருத்தியாலயும் அந்நேரத்துக்கு எழுந்திரிக்க முடியாதாம். உனக்கு..."

"வேணும்!"

பக்கத்து அறைக்காரர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"ஒண்ணுமில்லை, நல்ல சேதிதான்," என்று அவரை அனுப்பிவிட்டு, டெல்மா பேனாவை எடுத்தார். "உன் பேரை எப்படி எழுதணும்? இத்தனை நாளும் தப்பா எழுதித் தொலைச்சிருக்கேன் போல."

தாபேயா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வோர் எழுத்தாகச் சொல்ல ஆரம்பித்தாள்.