தட்டசு

தட்டச்சுக் கடைக்காரருக்கு அவசரம். பழைய கணினியை விலை பேசியவன் வந்துகொண்டிருந்தான். அதற்குள் உள்ளே இருப்பதையெல்லாம் துடைத்தாக வேண்டும்.

சின்னவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அக்கா வருடக்கணக்காக உட்கார்ந்ததில் நடுவில் குழி விழுந்திருந்தது. அக்கா செத்து மாதம்கூடத் திரும்பவில்லை.

“ஏம்மா, ஊரார் எழுதின புத்தகம் அதெல்லாம். தூக்கிட்டுப் போய் என்ன பண்ணப் போற?”

“எழுதினது ஊரார். முதுகொடிய அடிச்சது எங்கக்கா. அவ அடிச்சத மட்டும் எடுத்துக்கறேன்.”

“இங்க நாலு பேர் அடிச்சாங்க. எது அவளோடதுன்னு எப்படித் தெரியும்?”

எந்தக் கோப்பைத் திறந்தாலும் ஆசிரியர் என்ற இடத்தில் கடைக்காரர் பெயர்தான் இளித்தது. மென்பொருளை அவர் பெயரில் பதிந்த வினை. ஆனால் கோப்பின் பண்புகளுக்குள் யாரும் எட்டிப் பார்க்காத ஒரு மூலை உண்டு. நாமாகவே ஒரு தலைப்பு வைத்து, அதற்கெதிரே வேண்டியதை எழுதிக்கொள்ளலாம். “எல்லாத்துலயும் ‘தட்டச்சு: பெரியவ’ன்னு போட்டு வெச்சிருக்கேன்டி” என்று அக்கா சிரிப்பாள். வீட்டில் அவள் பெரியவ, இவள் சின்னவ.

ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க ஆயுசு பத்தாது. எல்லாக் கோப்புகளிலும் அந்த மூலையை வாசித்து, ‘தட்டச்சு’ என்ற பண்பு இருப்பதை மட்டும் நகலெடுக்கும்படி நிரல் எழுதி ஓடவிட்டாள். பத்தாவதோடு நின்ற அக்கா, இதே நாற்காலியில் உட்கார்ந்து வாங்கிக் கொடுத்த படிப்பு.

விரல்விட்டு எண்ணிவிடலாம், அவ்வளவே வந்தன.

“இவ்வளவுதானா? இதுக்கா இந்தக் கூத்து?” என்றார் கடைக்காரர்.

முகத்தில் அறைந்தது போலிருந்தது. தேதிகளைப் பார்த்தாள். எல்லாமே அக்கா ஆஸ்பத்திரியில் படுப்பதற்குச் சற்று முந்தியவை. அப்போதுதான் உறைத்தது. அந்தச் சமயத்தில் அக்கா திரையைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். இவள் போனில் கத்தினாள்: “அக்கா, தட்டசு இல்ல, தட்டச்சு! நடுவுல ‘ச்’ எங்க?”

“பசிச்சுது, முழுங்கிட்டேன். போடி, படிச்சவளே.”

மறுநாளிலிருந்து திருத்தி எழுதியிருக்கிறாள். வாயைத் திறந்து சொல்லவில்லை.

சின்னவள் நிரலில் அந்த ‘ச்’சை அழித்தாள். மறுபடி ஓடவிட்டாள்.

கொட்டியது. இவள் பன்னிரண்டாவது படித்த வருடம், விடுதி வருடங்கள், “போதும், வேலைய விடுக்கா” என்று சண்டை பிடித்த வருடம். திரை முழுக்க, வரிக்கு வரி, தட்டசு: பெரியவ.

கடைக்காரர் செருமினார். “பிழையா இருக்கேம்மா. உனக்குத்தான் நிரல் தெரியுமே, ஒரே தட்டுல சரி பண்ணிடலாம்ல?”

“பண்ணலாம். பண்ண மாட்டேன்.”

நகல் முடியும் நேரத்துக்கு வாங்குகிறவன் வந்து நின்றான். கணினியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “நாற்காலியும் சேர்த்துத்தானே சார்?” என்றான்.

அவள் எழுந்திருக்கவில்லை.