மேல் தட்டில் நெல் வைத்த அண்டா

அன்று காலை பதினொரு மணிக்கு எங்கள் பாத்திரக் கடையில் இருந்தவர்கள் ஐந்து பேர்: ஏகப்பனாகிய நான், என் மகன் கார்த்திகேய சிவம், வேலையாட்கள் சித்ராவும் பொன்னழகும், மகள் கல்யாணத்துக்குச் சாமான் எடுக்க வலையபட்டியிலிருந்து வந்திருந்த விசாலி ஆச்சி.

பெரிய பித்தளை அண்டா எங்கள் கடையில் மேல் தட்டில்தான் இருக்கும். சாலையில் போகிறவர் கண்ணில் அதுதான் முதலில் பட வேண்டும். கல்யாணச் சாமானை வெறுமையாக வைக்கக்கூடாது என்று அதில் இரண்டு மரக்கால் நெல்லும் போட்டிருந்தேன். பொன்னழகு முன்பே இருமுறை இறக்கச் சொல்லியிருந்தான்.

“தட்டு ஆடுது முதலாளி. நெல்லையாவது அள்ளிருவோம்,” என்றான் அன்றும்.

ஆச்சி காதில் அது விழுந்துவிட்டது. “அண்டாவுல நெல்லா, அண்ணே? நான் பித்தளை வாங்க வந்தேன், விதைக்க வரலை.”

நான் சிரித்தேன். ஆச்சிக்குக் காட்டுவதற்காகச் சித்ரா கீழ்த் தட்டிலிருந்து ஒரு குடத்தை இழுத்தாள். மேல் தட்டு சரிந்து, அண்டா நெல்லோடு அவள் தலையில் விழுந்தது.

மண்டை ஓட்டில் விரிசல், உள்ளே ரத்தக்கட்டு. மதுரையில் அன்றே அறுவை சிகிச்சை செய்தார்கள். அவள் மயங்கி விழுந்து அடிபட்டதாகக் கார்த்திகேய சிவம் டாக்டரிடம் சொன்னான். அப்படியே எழுதிக்கொண்டார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

“வீட்ல நல்லாத்தானே கெளம்புனா. என்ன நடந்துச்சு, ஐயா?” என்று அவள் கணவன் மருது கேட்டான். நான் மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு மருந்துக் கடைக்கு நடந்தேன்.

ஆறாம் நாள் அவளுக்குப் பேச்சு வந்தது. பார்க்கப் போனேன். நடந்தது எதுவும் அவளுக்கு நினைவில்லை.

“மயங்கி விழுந்துட்டேனாம்ல, ஐயா. கடைக்குக் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டேன்.”

“நீ மயங்கலை, ஆத்தா. அண்டா விழுந்துச்சு. அதை அங்க வைக்கச் சொன்னது நான்.”

வெளியே மகன் மறித்தான். “அப்பச்சி, மூணு தலைமுறைப் பேரு. நெல்லு கதையைச் சொன்னா ஊரே சிரிக்கும்.”

“சிரிக்கட்டும். அந்தப் புள்ள மேல பழியைப் போட்டுக் காப்பாத்துற பேரு எனக்கு வேணாம்.”

டாக்டரிடம் சொல்லித் திருத்த வைத்தேன். காவல் நிலையத்தில் என் கையெழுத்தோடு எழுதிக் கொடுத்தேன். கடைத் தட்டுகள் எல்லாவற்றையும் இடுப்பு உயரத்துக்கு இறக்கியாயிற்று. சித்ராவின் இடக்கைக்கு இன்னும் பிடி வரவில்லை.

மருது ஆள் கூட்டி வந்து மிரட்டியதால்தான் நான் எழுதிக் கொடுத்தேன் என்று கோட்டையூர் பஸ்ஸில் பேசிக்கொள்கிறார்களாம். மருது யாரையும் கூட்டி வரவில்லை. என்னை மிரட்டவும் இல்லை.