எல்லா விரலுக்கும் ஒரே கிளிப்

இப்போது யாரும் வாயைப் பொத்தி இருமுவதில்லை. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவன் என் கன்னத்தில் தும்மிவிட்டுப் போனைப் பார்க்கிறான். கொரோனா நேரம் இதே சனம்தான் கடைக்குக் கடை வாசலில் தண்ணீர்ப் பீப்பாயும் சவர்க்காரமும் வைத்தது. கை கழுவாமல் உள்ளே வந்தால் பொலிசுக்குச் சொல்வேன் என்று மீன் வாடிக்காரன்கூட என்னை மிரட்டினான். அந்தப் பீப்பாய்க்குள் இப்போது ரோசாக் கன்று நிற்கிறது. பயம் போனதும் சுத்தமும் போய்விட்டது. சனம் அப்படித்தான் என்று விட்டுவிடலாம். ஆஸ்பத்திரியும் அப்படி இருந்தால் என்ன செய்வது?

நான் படித்தவன் இல்லை. மூன்றாம் வகுப்போடு வாவிக்குள் இறால் பிடிக்க இறங்கியவன். பெரியகல்லாற்றில் கோணாமலை என்று கேட்டால் வாய் பொல்லாத மனிசன் என்று வீட்டைக் காட்டுவார்கள். காட்டட்டும். கண் நல்லாகத் தெரிகிறது. கண்டதைத்தான் எழுதுகிறேன்.

மாரி மழை விட்ட கையோடு ஊரெல்லாம் காய்ச்சல் வந்தது. என் மனைவி பாலசுந்தரிக்கு ஏற்கெனவே மூச்சு முட்டு வருத்தம். அன்று காலை ஒரு சொல் சொல்ல இரண்டு தரம் மூச்சை இழுத்தாள். ஓட்டோவில் ஏற்றினேன். அம்மன் கோயிலில் பூசை செய்கிற கப்புகனார் ஓதிக் கொடுத்த மஞ்சள் தண்ணீர்ப் போத்தலையும் எடுத்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் யாருக்கு வருத்தம் என்றாலும் அது கூடவே வரும். அம்மாள் வருத்தம் என்கிற அம்மை வந்த வீட்டை நாங்கள் அதைத் தெளித்துத்தான் சுத்தமாக்குகிறோம்.

ஓட்டோவுக்குள் அவள் ஒன்றையே திருப்பித் திருப்பிச் சொன்னாள்.

"இஞ்சருங்க, என்னைப் பெரியாஸ்பத்திரிக்கு ஏத்த விட்டிராதீங்க. குழாய் போட விட்டிராதீங்க."

அவளுடைய தங்கச்சியைக் கொரோனா நேரம் அம்புலன்சில் அப்படித்தான் ஏற்றினார்கள். தொண்டைக்குள் குழாய் விட்டிருக்கிறது என்று போனில் சொன்னார்கள். பிறகு முடிந்துவிட்டது என்று சொன்னார்கள். முகத்தைக் காட்டவில்லை. கடைசியாக நாங்கள் கண்டது அம்புலன்சின் பின்கதவைத்தான்.

"ஏத்த விடமாட்டன்," என்று அவளின் கையில் அடித்துச் சொன்னேன்.

எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு அன்று சந்தை மாதிரி இருந்தது. கட்டிலுக்குக் கட்டில் ஒரு ஆள் சரிந்து போகத்தான் இடம். பாலசுந்தரிக்குப் பக்கத்துக் கட்டிலில் வெல்லாவெளி வேலன் என்பவர் கிடந்தார். வயல் வட்டையில் யானைக் காவலுக்குப் போகிறவராம். காய்ச்சலில் கண் சிவந்திருந்தது. உள்ளங்கைக்குள் இருமுவார், அந்தக் கையால் கட்டில் கம்பியைப் பிடிப்பார். அவருடைய விரலில் உடுப்புக் காயப்போடுகிற கிளிப் மாதிரி ஒன்று மாட்டியிருந்தது. உள்ளே சிவப்பு வெளிச்சம் எரியும், வெளியே ஒட்சிசன் எவ்வளவு என்று எண் காட்டும்.

றஜனி என்கிற நேர்ஸ் வந்தா. வேலனின் விரலில் இருந்து கிளிப்பைக் கழற்றினா. அப்படியே கொண்டுவந்து பாலசுந்தரியின் விரலில் மாட்டினா.

"மிஸ், அதைத் துடைக்கல்லியே," என்றேன்.

"எதை ஐயா?"

"அந்தக் கிளிப்பைத்தான். அந்தாள் கைக்குள்ள இருமி இருமித்தானே போட்டிருந்தவர்."

வேலன் கோபிக்கவில்லை. "உண்மைதான் அண்ணன். இருமல் வரக்குள்ள கைதானே முன்னுக்குப் போகுது," என்று சொல்லி இன்னொரு தரம் இருமினார்.

"துடைக்கிற மருந்துத் துண்டு முடிஞ்சு ஐயா. ஸ்டோருக்குச் சொல்லியிருக்கு, வரும்."

"வருத்தம் துண்டு வரும்வரைக்கும் நிண்டு பாத்துட்டா வரும்?"

"ஐயா, இவ்வளவு கட்டிலுக்கும் வேலை செய்யிறது இந்த ஒரு கிளிப்தான். மற்றது ரெண்டும் பழுது. நான் துண்டு தேடிப் போனா உங்கட ஆளுக்கு ஆர் மருந்துப் புகை போடுற?"

அந்தப் பேச்சில் நியாயம் இருந்தது. அதனால்தான் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

மருந்துப் புகையை மூக்குமூடியால் கொடுத்தார்கள். பாலசுந்தரிக்கு இழுவை குறைந்தது. டொக்டர் பஹ்மி வந்து பார்த்தார். இளம் ஆள், நித்திரை இல்லாத முகம். கிளிப்பில் தொண்ணூற்று மூன்று காட்டியது.

"பரவாயில்ல அம்மா. இப்பிடியே நிண்டா இஞ்சயே பொம்பிளை வாட்டுல வைக்கலாம். தொண்ணூறுக்குக் கீழ போனா பெரியாஸ்பத்திரிக்குத்தான் அனுப்பணும்."

பாலசுந்தரி என்னைப் பார்த்தாள். நான் கிளிப்பைப் பார்த்தேன். அவள் அம்புலன்சில் ஏறுவதும் ஏறாததும் இனி அதன் வாயில்தான் இருக்கிறது. அதன் வாய்க்குள்ளே வேலனின் காய்ச்சல் இருக்கிறது.

அப்போது மோட்டார் சைக்கிள் விபத்துப்பட்ட ஒருவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். றஜனி ஓடினா. கிளிப்பைக் கழற்றித் தலையணையில் வைத்துவிட்டுத்தான் ஓடினா. நான் வெளியே போய் வாய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தேன். மஞ்சள் தண்ணீர்ப் போத்தலைத் திறந்தேன்.

"என்ன செய்றீங்க?" என்றாள் பாலசுந்தரி.

"பேசாமக் கிட."

கிளிப்பின் வாயைப் பிளந்து பிடித்து நிறைய ஊற்றினேன். விரலை விட்டு உரஞ்சினேன். மூலை முடுக்கில் ஊறட்டும் என்று கொஞ்ச நேரம் வைத்திருந்து, கட்டியிருந்த சாரத்தின் நுனியால் துடைத்தேன். வாவிக்குள் விழுந்த என் போன் அதற்குப் பிறகு பேசியதே இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் இது போன் இல்லையே, விரலில் மாட்டுகிற சாமான்தானே என்று நினைத்தேன்.

றஜனி திரும்பி வந்து அதை மாட்டினா. எழுபத்தெட்டு காட்டியது.

"டொக்டர்," என்று கூப்பிட்டா. சத்தம் போடவில்லை, ஆனால் அந்தக் குரலுக்கு டொக்டர் ஓடி வந்தார். பாலசுந்தரியின் முகத்தில் பெரிய மூடியைப் போட்டு ஒட்சிசனைக் கூட்டினார்கள். எண் எழுபத்தாறுக்கு இறங்கியது. டொக்டர் போனை எடுத்து அம்புலன்ஸ் கேட்டார்.

வேலனின் வருத்தம் இவளுக்கு இறங்கிவிட்டது, நான் கழுவியது பிந்திவிட்டது என்றுதான் நினைத்தேன். வேறு ஒன்றும் மூளைக்கு எட்டவில்லை. பாலசுந்தரி மூடியை விலக்கி, "கையில அடிச்சுச் சொன்னீங்க," என்றாள். அழுதாள்.

"அம்புலன்ஸ் வேணாம்," என்று நான் கட்டிலுக்கு முன்னால் நின்றேன்.

"ஐயா, விலகுங்க. ஒட்சிசன் இல்லாம மனிசி செத்துப்போவா."

"இஞ்சயே வைச்சுப் பாருங்க. அவ அதுல ஏறமாட்டா."

டொக்டர் என்னைத் தள்ளப் போனவர், நின்றுவிட்டார். பாலசுந்தரி என்னை ஏசிக்கொண்டிருந்தாள். தங்கச்சியில் தொடங்கி, நான் கலியாணத்துக்குப் பிறகு சொல்லிக் காப்பாற்றாத எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டு போனாள்.

"எழுபத்தாறுல இருக்கிற ஆள் இப்பிடிப் பேச ஒண்ணா," என்றார் டொக்டர். அவளுடைய உதட்டைக் குனிந்து பார்த்தார். "சொண்டும் நீலமில்ல."

றஜனி கிளிப்பைக் கழற்றித் தன் விரலில் மாட்டிப் பார்த்தா. எழுபத்தொன்று.

"அப்ப டொக்டர், அம்மாவுக்கு முன்ன நான்தான் போகணும்," என்றா. கிளிப்பைத் திருப்பினா. மஞ்சள் தண்ணீர் ஒரு சொட்டு அவவின் உள்ளங்கையில் விழுந்தது. மணந்து பார்த்தா. பிறகு என்னையும் என் சாரத்தின் நுனியையும் பார்த்தா.

"ஐயா, இதுக்குள்ள என்ன ஊத்தின?"

"நீங்க துடைக்கல்ல. நான் துடைச்சன்."

டொக்டர் அம்புலன்ஸ் வேண்டாம் என்று சொல்லிப் போனை வைத்தார். மேல் மாடி வாட்டில் இருந்து வேறு கிளிப் இரவல் வாங்கி வந்து மாட்டினார்கள். தொண்ணூற்று ஐந்து.

எனக்கு உயிர் வந்தது. டொக்டருக்குக் கோபம் வந்தது.

"மஞ்சளுக்கு வைரஸ் சாகாது ஐயா."

"சாகாதெண்டு ஆர் பாத்த?"

"படிச்ச ஆக்கள் பாத்திருக்காங்க."

"படிச்ச ஆக்கள்தானே துடைக்காம மாட்டினதும்."

வேலன் சிரிக்கப் போய் இருமலில் மாட்டுப்பட்டார். றஜனி சிரிக்கவில்லை.

"துடைக்காம மாட்டினது பிழைதான். நான் இல்லையெண்டு சொல்லல்ல. ஆனா நீங்க வெத்திலைக் கையால, சாரத்தால துடைச்சிருக்கிறீங்க. அந்தச் சாரம் ஓட்டோவுல இருந்த, வாசல் வாங்குல இருந்த, இந்தக் கட்டில்லயும் இருந்த. இந்தப் பக்கத்துக் கட்டில்காரர்ர வருத்தம் இன்புளுவன்சா எண்டு இப்பதான் ரிசல்ட் வந்த. அது கிளிப்பில மட்டுமா இருக்கு? கம்பியில இருக்கும், திரைச்சீலையில இருக்கும், உங்கட சாரத்து நுனியிலயும் இருக்கும். இப்ப இஞ்ச ஒரு கிளிப்பும் இல்ல."

நான் சாரத்தைக் கீழே இழுத்து விட்டேன். விபத்துப்பட்ட ஆளுக்கு அந்த இரவல் கிளிப்பைத்தான் அவ கொண்டு ஓட வேண்டியிருந்தது. அதைக் கண்டேன். அது என்னை அறுத்ததும் உண்மை. ஆனால் இத்தனை கட்டிலுக்கு ஒரே கிளிப் என்று வைத்தது நான் இல்லையே.

கொஞ்ச நேரத்தில் ஸ்டோரில் இருந்து துண்டுப் பெட்டி வந்தது. வரும் என்று சொன்னது உண்மைதான். றஜனி கையுறை போட்டுக்கொண்டு கம்பி, மேசை, கிளிப் எல்லாம் துடைத்தா. நல்லாகத்தான் துடைத்தா. இடையில் போன் அடித்தது. அதே கையுறையோடு சட்டைப் பைக்குள் இருந்து போனை எடுத்துக் கதைத்து, திரும்ப வைத்துவிட்டு, பாலசுந்தரியின் மூக்குமூடியை நேராக்க வந்தா.

"போன்," என்றேன்.

அவ கையைப் பார்த்தா. கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு வேறு ஒன்றைப் போட்டா. என்னைப் பார்த்த பார்வையில் நன்றி இல்லை. நான் நிற்கும்போது கழற்றினா. நான் இல்லாதபோது?

பின்னேரம் பாலசுந்தரியைப் பொம்பிளை வாட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அம்புலன்சில் ஏற்றவில்லை, குழாய் போடவில்லை. வாட்டு வாசலில் காவல்காரன் கையை நீட்டி மறித்தான்.

"ஆம்பிளையள் உள்ள நிக்க ஒண்ணா ஐயா. நாளைக்குப் பாக்கிற நேரம் வாங்க."

கண்ணாடிக் கதவால் பார்த்தேன். அங்கே நின்ற வேறொரு நேர்ஸ் மேசையில் கிடந்த கிளிப்பை எடுத்துக்கொண்டு பாலசுந்தரியிடம் போனா. நான் கதவைத் தள்ளித் தலையை உள்ளே விட்டேன்.

"மிஸ், அது துடைச்சதா?"

"ஓம் ஐயா," என்றா. தலை நிமிரவில்லை.

"எப்ப துடைச்ச?"

"துடைச்சதுதான் ஐயா."

"இஞ்சருங்க, அவங்க பாத்துக்குவாங்க," என்றாள் பாலசுந்தரி கட்டிலில் இருந்து. "நீங்க போய்ச் சாப்பிடுங்க. போங்க."

அவளுடைய குரலில் இழுவை இல்லை. அதுவரைக்கும் சரி. காவல்காரன் என் தோளைத் தொட்டான். அவன் கை எதைத் தொட்டுவிட்டு வந்ததோ.

படியிறங்கி பஸ் தரிப்பை நோக்கி நடந்தேன். ஓம் என்றாவாம். நான் கேட்டதால் ஓம் என்றா. ஆர் கண்ட?