பிள்ளைக்காம்பரா வாசல்

குழந்தை இறந்து மூன்று வாரமாகியும் தனலெட்சுமி யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை. காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போனாள், தேயிலைக் கொழுந்து எடுத்தாள், சோறாக்கினாள். ஆனால் பால் கொடுக்கும் தாய்மாரைக் கங்காணி மலையிலிருந்து இறக்கிவிடும் நேரம் வந்தால், அவளும் கூடையைத் தன் தேயிலை நிரையில் வைத்துவிட்டு அவர்களோடு இறங்கிவிடுவாள். கைக்குழந்தைகளைப் பகலில் விட்டுவைக்கும் பிள்ளைக்காம்பரா வாசலில் போய் நிற்பாள். உள்ளே போகமாட்டாள். அவளைக் கண்டதும் மற்றத் தாய்மார் பிள்ளைகளை முந்தானையால் மூடிக்கொண்டார்கள்.

"இன்னொரு வாட்டி நிரைய விட்டு எறங்குனா பேர வெட்டிருவேன், அன்னைக்குச் சம்பளம் கெடையாது மருதை," என்று கங்காணி அவள் புருஷனிடம் சொல்லிவிட்டார்.

மருதையின் தாய் பெரியாயி வேறு முடிவில் இருந்தாள். "மாருல மல்லியப்பூ வச்சுக் கட்டிப் பால வத்த வச்சாச்சு. புள்ள தூங்குன ஏணையையும் அன்னைக்கே அவுத்து எரிச்சாச்சு. புள்ள பேர ஒருத்தரும் எடுக்கக்கூடாதுன்னு லயத்து வீடுக பூரா சொல்லி வச்சிருக்கேன். இதுக்கு மேலயும் போய் நிக்கிறாள்னா, அது அவ இல்லடா. வெள்ளிக்கிழம பேயோட்டக் கோடாங்கி வருவாரு."

கோடாங்கியின் பிரம்பை மருதை அறிவான். மறுநாளே பதுளைக்கு பஸ் ஏறினான்.

துணிக்கடை ஹாஷிம் முதலாளிதான் வழி காட்டினார். "நம்ம கட மாடியிலதான் கமலாதேவி டீச்சர் இருக்கா. யாழ்ப்பாணத்துக்காரி. மனசு நொந்தவங்களுக்கு ஆறுதல் சொல்லவெண்டே கொழும்புல படிச்சவ. மருந்து ஒண்டும் தரமாட்டா மகன். ஆனா மேல ஏறுற முகத்தையும் எறங்குற முகத்தையும் நான் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

நரை விழுந்த அந்த அம்மா முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அவ அங்க போய் நிக்கேக்க, கூட ஆராவது நிண்டவையோ?"

மருதை தலையைக் குனிந்துகொண்டான்.

"அப்ப நான் வாறன்," என்றார்.

அடுத்த நாள் காலை ஹாலிஎலையில் பஸ்ஸை விட்டிறங்கி, மருதையோடு சேற்றுப் பாதையில் செருப்பைக் கையில் பிடித்தபடி ஏறி வந்தார். தனலெட்சுமி வழக்கம்போல் வாசலில் நின்றிருந்தாள். கமலாதேவி அவளுக்குப் பக்கத்தில் போய் நின்றார். யாரென்று சொல்லவில்லை, எதுவும் கேட்கவுமில்லை. மருதை கொய்யா மரத்தடியில் ஒதுங்கி நின்றான். இதற்கா இந்த அம்மா பஸ் ஏறி வந்தார் என்றிருந்தது அவனுக்கு.

உள்ளே ஒரு குழந்தை வீறிட்டது. தனலெட்சுமியின் உடல், கையில் பிள்ளை இருப்பதுபோல், இடமும் வலமுமாக மெல்ல அசையத் தொடங்கியது. மருதை திடுக்கிட்டான். பக்கத்தில் நின்ற கமலாதேவியும் அப்படியே அசைந்துகொண்டிருந்தார். இடுப்பில் அதே வளைவு, முழங்கையில் அதே மடிப்பு. அவர் வேண்டுமென்று செய்யவில்லை. தான் அசைவதே அவருக்குத் தெரிந்திருக்காது.

தனலெட்சுமி திரும்பி அவரைப் பார்த்தாள். அவருடைய மடங்கிய முழங்கையைப் பார்த்தாள்.

"ஒங்களுக்கு... எத்தன மாசத்துல போச்சுங்க?"

மருதை மரத்தைப் பிடித்துக்கொண்டான்.

"எட்டு மாசம், தங்கச்சி. காய்ச்சல்."

"பேரு?"

"சிவகௌரி." அந்தப் பெயரைச் சொல்லும்போது கமலாதேவியின் முகம் இளம் தாயின் முகமாக மாறியது. "எனக்கு நோகுமெண்டு வீட்டில ஒருத்தரும் அவளின்ர பேரைச் சொல்லேல்லை. சட்டையெல்லாம் எரிச்சுப் போட்டினம். ஒரு வருசத்துக்குப் பிறகு, ஆஸ்பத்திரியில ஒரு கன்னியாஸ்திரிதான் பேரைக் கேட்டா. அண்டைக்குத்தான் அழுதனான். அதுக்குப் பிறகுதான் இந்த வேலைக்குப் படிச்சனான். உங்கட பிள்ளைக்கு என்ன பேர்?"

"பவளக்கொடி," என்றாள் தனலெட்சுமி. சொன்னதும் அப்படியே உட்கார்ந்தாள். மூன்று வாரத்து அழுகையும் ஒன்றாக வந்தது. கமலாதேவி கண்ணைத் துடைத்துவிடவில்லை, அழாதே என்றும் சொல்லவில்லை. சேற்றிலேயே உட்கார்ந்து அவளை மடியில் சாய்த்துக்கொண்டார். உள்ளேயிருந்து ஒரு தாய் தன் பிள்ளையோடு வெளியே வந்தாள். முந்தானையால் மூடாமல் பக்கத்தில் அமர்ந்தாள்.

மாரியம்மன் கோவிலில் தீபாராதனையின்போது நிற்பதைப் போல மருதை அசையாமல் நின்றான்.

அழுது ஓய்ந்ததும் தனலெட்சுமி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"நிரை அப்புடியே கெடக்கு. கங்காணி கத்துவாரு." கொய்யா மரத்தைத் தாண்டும்போது நின்றாள். "வாய மூடுங்க, ஈ போயிரும். கோடாங்கி வேணாம்னு அத்தகிட்ட நீங்களே சொல்லிருங்க."

மருதை அவள் பின்னால் நடந்தான். அந்தப் பெயரைச் சொல்ல அவன் நாக்கும் மறந்திருந்தது.

"பவளத்துக்கு... ஒன்னோட மூக்கு, இல்ல?"

"எங்க? ஒங்க சப்ப மூக்கு!" என்றாள் அவள்.