கட்டை விரலுக்குப் போட்ட கட்டு

எழுபத்தெட்டாம் வருஷம் ஆவணியில் ஜெயவேலுக்குக் கல்யாணம். முந்தின நாள் தோரணம் கட்ட ஆணி அடிக்கப் போய், தன் வலது கட்டை விரலையே அடித்துக்கொண்டான். ஆரணியில் பட்டு நெய்கிறவன். அறுந்த இழையை இருட்டிலும் முடிந்துவிடுவான். சுத்தியல்தான் அவனுக்குப் பழக்கமில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா போட்ட கட்டு வாழைப்பூ அளவுக்கு இருந்தது.

சாயங்காலத்துக்குள் கட்டை விரலின் அருமை அவனுக்கு விளங்கிவிட்டது. வாளி தூக்க முடிந்தது. நாலு விரலைக் கொக்கியாக வளைத்தால் போதும். காபி டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, வேண்டுதல் செய்கிறவன் போலக் குடித்தான். சாவியைத் திருப்ப முடியவில்லை. உப்பைச் சிட்டிகையாக எடுக்க வரவில்லை, அள்ளத்தான் வந்தது. அன்றைய ரசத்தை யாரும் குடிக்கவில்லை. சட்டைப் பொத்தானோடு வெகுநேரம் மல்லாடிய பிறகுதான், ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் எதையும் இடுக்கிக்கொள்ளலாம் என்று கண்டுபிடித்தான். ஒரே சந்தோஷம். சீப்பு, அப்பளம், வெற்றிலை என்று கண்ணில் பட்டதையெல்லாம் இடுக்கினான்.

மறுநாள் படவேடு ரேணுகாம்பாள் கோயிலில் தாலிக் கயிற்றையும் அப்படியே இடுக்கி, எப்படியோ முதல் முடிச்சைப் போட்டான்.

"ஜல்தியா வுடுடா, நல்ல நேரம் போவுது" என்று அக்கா லீலா மீதி முடிச்சுகளைப் போட்டுவிட்டாள். மணப்பெண் தேவகி தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பை அடக்கினாள்.

பிறகு குடத்துத் தண்ணீரில் மோதிரம் தேடும் விளையாட்டு. ஜெயவேல் ஜெயித்தான். மோதிரத்தை இரண்டு விரலுக்கு நடுவில் நிறுத்தி எல்லாருக்கும் உயர்த்திக் காட்டினான்.

மாமியார் கெங்கம்மாள் உற்றுப் பார்த்தாள். "இன்னாங்க, மாப்ள புடிக்கிற புடி பீடி புடிக்கிற புடியா கீது?"

மாமனார் அருணகிரியின் முகம் மாறியது. வீடு நிறையப் பட்டுச் சேலை அடுக்கி வியாபாரம் செய்கிறவர். பெண் கொடுக்குமுன் அவர் கேட்டது ஒரே கேள்விதான்: பையனுக்குப் பீடி, சிகரெட் உண்டா?

"பட்டு கீற வூட்ல நெருப்புப்பொறி உழுந்தா இன்னா ஆவும்? தொட்டதே இல்லன்னு சொன்னீங்களே, மாப்ள!"

"சத்தியமா இல்லிங்க மாமா. வெரல்ல அடிபட்டதால இப்டி…"

"நேத்து பழகின கையாவா கீது இது?"

"ஒரு பீடி குடுத்துப் பாருங்க" என்றாள் கெங்கம்மாள். "பழகினவரா இல்லியான்னு தெரிஞ்சிடும்."

கோயிலுக்கு வெளியே புளியமரத்தடிக்கு எல்லாரும் நகர்ந்தார்கள். மேளக்காரர் இடுப்பிலிருந்து பீடியும் தீப்பெட்டியும் எடுத்துக் கொடுத்தார்.

ஜெயவேல் பீடியைத் தலைகீழாக வாயில் வைத்தான். குச்சியை உரசப் போக, தீப்பெட்டி பறந்துபோய் விழுந்தது. எடுத்துக் கொடுத்தார்கள். அடுத்த குச்சி முறிந்தது. இன்னொன்று பற்றிக்கொண்டு, மலைக்காற்றில் அணைந்தது. அருணகிரி பல்லைக் கடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு மேல் அவரால் பொறுக்க முடியவில்லை.

"அட, குடுங்க இப்டி! காத்துல இப்டியா பத்த வெப்பாங்க?"

பீடியைப் பிடுங்கித் திருப்பி உதட்டோரம் செருகினார். ஒரே உரசல். உள்ளங்கை தானாகக் குவிந்து சுடரை மறைத்தது. கன்னம் குழிய ஓர் இழுப்பு இழுத்து, பீடியை இரண்டு விரலுக்கு இடையில் இடுக்கி, கண்ணை மூடிக்கொண்டு மூக்கு வழியாகப் புகையை விட்டார். கண்ணைத் திறந்தபோது கல்யாணக் கூட்டம் மொத்தமும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

"எத்தினி வருசமா?" என்றாள் கெங்கம்மாள்.

"அது… டீக்கடைக்கு வர்றவங்க புடிக்கிறத பாத்துகினு இருப்பேன்…"

"பாத்துகினு இருந்தா மூக்கு வழியா பொக வருமா?"

தேவகியால் அடக்க முடியவில்லை. மாலை குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். மாப்பிள்ளையை மேற்கொண்டு விசாரிக்க யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

திரும்பும் பஸ்ஸில் கெங்கம்மாள் கணவரை ஜன்னலோரம் உட்கார வைத்து, அவர் மடியில் முறுக்குக் கூடையை வைத்தாள்.

"ரெண்டு கையாலயும் புடிங்க" என்றாள்.

ஆரணி வரும்வரை அவர் கையை எடுக்கவேயில்லை.